சாவி கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது

வாடகைத் தகராறு என்று என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் வீட்டைக் காலி செய்த பிறகுதான் வருகிறார்கள். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை, அல்லது பாதிதான் வந்தது என்பார்கள். ஒரு வழக்கறிஞராக நான் முதலில் கேட்பது, "குடியேறிய அன்று போட்டோ எடுத்தீர்களா?" என்பதுதான். அனேகமாக இருக்காது.

இயல்பான தேய்மானம் வேறு, சேதம் வேறு. ஆட்கள் புழங்கும் வீட்டில் சுவரின் நிறம் மங்கும், கதவுப்பிடி தளரும். இதற்காக அட்வான்ஸில் பிடித்தம் செய்யப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருவதில்லை. நீங்கள் உடைத்த கண்ணாடிக்கு நீங்கள்தான் பணம் தர வேண்டும், அது நியாயம். ஆனால் அந்த விரிசல் நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்றால், அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

அதனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், சுவிட்சைப் போட்டுப் பாருங்கள், மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது. அனுப்பினால்தான் தேதியும் பதிவாகும், அவருக்கும் தெரியும் என்பதும் உறுதியாகும்.

என்னை அதிகம் வருத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். நான்கு நண்பர்கள் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் படிப்பை நடுவில் விட்டுக் கிளம்பிவிட்டார். மற்ற மூவரும் தங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்தார்கள். ஒப்பந்தத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்ற வரி இருந்தது. அப்படி இருந்தால் பாக்கி முழுவதையும் கையெழுத்துப் போட்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் உரிமையாளர் கேட்கலாம். பணத்தோடு அவர்கள் நட்பும் போனது. முடிந்தால் ஆளுக்கொரு ஒப்பந்தம் கேளுங்கள். முடியாவிட்டால், நடுவில் ஒருவர் போனால் என்ன செய்வது என்பதை முதலிலேயே எழுதி, உரிமையாளரின் சம்மதத்தையும் வாங்குங்கள். உத்தரவாதக் கையெழுத்துப் போடும் பெற்றோரும் தங்கள் பிள்ளையின் பங்குக்கு மட்டும் என்று எழுதச் சொல்லிக் கேட்பது நல்லது.

அட்வான்ஸுக்குப் பல நாடுகளில் உச்சவரம்பு உண்டு. ஜெர்மனியில் மூன்று மாத வாடகை, அதையும் மூன்று தவணைகளாகக் கட்டலாம். இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகை. இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது, ஆனால் மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும். நீங்கள் குடியேறும் ஊரின் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்புறம், ரிப்பேர் செய்யவில்லை என்ற கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பாக்கி வைத்தீர்கள் என்பதே உங்களைக் காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். பழுதை எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் வாடகை அதிகாரியிடமோ சட்ட உதவி மையத்திடமோ போங்கள். சொல்லாமல் வீட்டுக்குள் வரும் உரிமையாளருக்கும் இதே வழிதான்.

காலி செய்யும் அன்று அதே அறைகளை மறுபடி படம் எடுத்து, மீட்டரைக் குறித்து, சாவியை ஒப்படைத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால், நீங்கள் போன பிறகும் வாடகை ஓடிக்கொண்டிருந்தது என்று உரிமையாளர் சொல்ல இடம் உண்டு.