யுடிஎஸ்: பிரிக்காத பங்கா, பிரிக்க முடியாத பங்கா?

சென்னையில் அடுக்குமாடி வீட்டு விளம்பரம் எதை எடுத்தாலும் எங்காவது ஒரு மூலையில் ‘யுடிஎஸ் 410’ என்று ஒரு எண் இருக்கும். வாடகைக்கு விடலாம், பத்து வருடம் கழித்து விற்கலாம் என்று முதலீடாக வீடு பார்க்க வருகிறவர்கள் லிஃப்ட் எந்தக் கம்பெனி, தரையில் என்ன டைல்ஸ் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். இந்த எண்ணைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கொடுக்கிற பணத்தில் காலத்தால் தேயாத பகுதி எது என்பதை அந்த ஒரு எண்தான் சொல்கிறது.

யுடிஎஸ் என்பது அன்டிவைடட் ஷேர் என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம். கட்டடம் நிற்கிற மனை முழுவதும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது. அதில் உங்களுக்கு இத்தனை சதுர அடி என்று கணக்கு உண்டு, ஆனால் ‘இதோ இந்த மூலை என்னுடையது’ என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. இரண்டாவது மாடி வீட்டுக்காரருக்கும் மண்ணில் உரிமை வருவது இந்த வழியில்தான்.

கணக்கு எளிது. உங்கள் வீட்டின் பரப்பை எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, மனையின் பரப்பால் பெருக்க வேண்டும். இரண்டு கிரவுண்ட், அதாவது 4800 சதுர அடி மனை; அதில் 1200 சதுர அடியில் எட்டு வீடுகள் என்றால் ஒரு வீட்டுக்கு யுடிஎஸ் 600. வகுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு உள்சுவர் அளவையும் மொத்தத்துக்குப் பொது இடமெல்லாம் சேர்த்த அளவையும் போட்டால் உங்கள் பங்கு குறைந்துவிடும்.

ஏன் ஒரு கட்டடத்தில் 800, இன்னொன்றில் 350 என்று இவ்வளவு வித்தியாசம்? மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விதிதான் காரணம். சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு ஒன்றரை மடங்கு. 2019 விதிகளுக்குப் பிறகு இரண்டு மடங்கு. உயரமான கட்டடங்களுக்கு 3.25 மடங்கு, அதற்கு மேலும் கட்ட அரசுக்குப் பணம் கட்டி அனுமதி வாங்கலாம். அப்படியானால் அதே 1200 சதுர அடி வீட்டுக்குப் பழைய கட்டடத்தில் 800, இப்போதைய நாலு மாடிக் கட்டடத்தில் 600, வானுயரக் கட்டடத்தில் ஏறக்குறைய 370.

இதைப் பணமாக்கிப் பாருங்கள். அந்தத் தெருவில் மனை சதுர அடி 10,000 ரூபாய், வீட்டின் விலை ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். யுடிஎஸ் 600 என்றால் 60 லட்சம் மண்ணுக்கு, 40 லட்சம் கட்டடத்துக்கு. 370 என்றால் மண்ணுக்கு 37 லட்சம்தான், மீதி 63 லட்சம் சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் லிஃப்டுக்கும் போகிறது. கட்டடம் வருடாவருடம் பழசாகும், மதிப்பு இறங்கும்; ஏறுவது மண். பழைய வீட்டுக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கியின் மதிப்பீட்டாளரும் பெரும்பாலும் இப்படித்தான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்.

சரி, அதற்காக யுடிஎஸ் குறைந்த வீடு எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகைதான் குறி என்றால் குடிவருகிறவர் யுடிஎஸ்ஸுக்குக் காசு தருவதில்லை. தண்ணீர், பார்க்கிங், ஆபீஸுக்கு எவ்வளவு தூரம், இதற்குத்தான் தருகிறார். ஐந்தாறு வருடம் வாடகை வாங்கிவிட்டு விற்கப்போகிறவர் பழைய மாம்பலத்து யுடிஎஸ்ஸையும் ஓஎம்ஆர் யுடிஎஸ்ஸையும் ஒரே தட்டில் வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இருபது முப்பது வருடம் வைத்திருக்கப்போகிறவருக்குத்தான் இது உயிர்நாடி, ஏனென்றால் அப்போது கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வரும், யாருக்கு எவ்வளவு என்ற பேரம் யுடிஎஸ்ஸை வைத்தே நடக்கும். 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம் என்பதால், ஒரே ஒருவர் முரண்டு பிடித்து எல்லாரையும் நிறுத்திவைக்கும் நிலை மாறியிருக்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். ஷேர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் வெட்டுதல். கத்தரிப்பதைக் குறிக்கும் ‘ஷியர்’ அதன் உறவு. ஆகவே அது முதலில் வெட்டி எடுத்த துண்டு. அதற்கு முன்னால் ‘பிரிக்காத’ என்று அடைமொழி சேர்த்து, துண்டாக்காமலே கணக்கில் மட்டும் உள்ள உரிமைக்குச் சட்டக்காரர்கள் பயன்படுத்தினார்கள். சென்னையில் இது தெருப் பேச்சாகவே ஆனதற்குப் பதிவு முறை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 2023 டிசம்பர் வரை, கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டை வாங்குகிறவருக்குக் கிரயப் பத்திரம் யுடிஎஸ்ஸுக்கு மட்டும்தான். வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். அதன் பிறகுதான் இரண்டையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதியும் முறை வந்தது. அதனால் பழைய வீடு வாங்கும்போது முதல் பத்திரத்தில் வீடே இல்லாமல் நிலப்பங்கு மட்டும் இருந்தால் பதற வேண்டாம், கூடவே கட்டுமான ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பத்திரங்களில் ‘பிரிபடாத பாகம்’, ‘பிரிக்கப்படாத பங்கு’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். பாகம் வடமொழியிலிருந்து வந்தது. இரண்டுமே நமக்குப் புதியவை அல்ல. தேவாரம் உமையைப் பாதியாகக் கொண்ட சிவனைப் பங்கன் என்றும் பாகன் என்றும் பாடுகிறது. சொத்தில் பங்குள்ள உறவுக்காரரைப் பங்காளி என்கிறோம். சென்னையைச் சுற்றியுள்ள தொண்டைமண்டலத்துக் காணியாட்சி ஊர்களில், அதாவது நிலம் பரம்பரை உரிமையாக இருந்த ஊர்களில், ஊர் நிலம் முழுவதையும் இத்தனை பங்கு என்று கணக்கிட்டு வைத்திருந்தார்கள். சில ஊர்களில் பங்கு மட்டும் நிலையாக இருக்கும், எந்த வயல் யாருக்கு என்பதை அவ்வப்போது மாற்றிப் பகிர்ந்துகொள்வார்கள். அதற்குப் பசுங்கரை என்று பெயர். ஒரேயடியாகப் பிரித்து முடித்துவிட்ட ஊர் அறுதிக்கரை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மிராசு (காணியாட்சி உரிமை) ஆவணங்களில் இந்தச் சொற்கள் இருக்கின்றன. இன்றைக்கு யுடிஎஸ் என்று பேசிக்கொண்டிருக்கிற அதே மண்ணில்!

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். ‘அன்டிவைடட்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு நிலைமைகளை மூடிவைக்கிறது, நாமும் அதை அப்படியே பெயர்த்துவிட்டோம். ஒன்று, அடுக்குமாடி மனையில் உள்ள பங்கு. இதைப் பிரிக்கக் கேட்கவே முடியாது, வீட்டை விட்டுத் தனியாக விற்கவும் முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இன்னொன்று, குடும்பச் சொத்தில் அண்ணன் தம்பி அக்கா தங்கை யாரும் இன்னும் பாகம் பிரித்துக்கொள்ளாமல் வைத்திருக்கிற பங்கு. அது நாளைக்கே பிரியலாம், வழக்கு வந்தால் பிரிந்தே தீரும்.

முதலாவதைப் ‘பிரிக்கவியலா மனைப்பங்கு’ என்றும், இரண்டாவதைப் ‘பிரிக்காத பாகம்’ என்றும் சொன்னால் குழப்பம் தீரும். பேச்சில் வெறும் மனைப்பங்கு போதும். ‘மனைப்பங்கு எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள், தரகர் உடனே நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

மனைப்பங்கைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி கூட்டிப் பார்ப்பது. பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இதுவரை யார் யாருக்கு எத்தனை சதுர அடி கிரயமாகியிருக்கிறது என்று வரிசையாக வரும். அதைக் கூட்டுங்கள், விற்காத வீடுகளுக்கு உரியதையும் சேருங்கள். மனையின் பரப்பைத் தாண்டினால் இல்லாத மண்ணை விற்றிருக்கிறார்கள். குறைந்தால் மீதி கட்டுநரிடமோ நில உரிமையாளரிடமோ தங்கியிருக்கிறது. நாளைக்கு மேலே ஒரு தளம் எழுப்பவோ மறுகட்டுமானத்தில் பங்கு கேட்கவோ அது உதவும் என்பதால் ஏன் தங்கியிருக்கிறது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சாலை அகலப்படுத்தவும் பூங்காவுக்கும் தானமாக எழுதிக்கொடுத்த நிலம் கணக்கில் வரக் கூடாது. பத்திரத்தில் முதல் சொத்து விவரம் முழு மனைக்கு, நான்கெல்லையோடு இருக்கும். அடுத்தது ‘மேற்படி மனையில் பிரிபடாத இத்தனை சதுர அடி’ என்று தொடங்கும். அந்த எண்ணும் விளம்பரத்தில் சொன்ன எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அப்புறம் அந்தப் பிரிக்காத பாகம். ‘மயிலாப்பூரில் பூர்வீக வீடு, ஒருத்தர் பாகம் மட்டும் பாதி விலைக்கு வருகிறது’ என்று யாராவது வந்தால் வாங்கிப் போடலாமே என்ற ஆசை வரும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கும் வெளியாளுக்கு அந்த வீட்டுக்குள் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது என்கிறது. பாகம் பிரிக்கச் சொல்லி நீங்கள் வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி குடும்பத்தார் நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு உங்கள் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். போதாக்குறைக்கு, மகள்களின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் ‘நாலு பேர்தான் பங்காளி’ என்று சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டம் மாறிய பிறகு அந்தக் கணக்குச் செல்லாது. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு முழு வீட்டையும் விற்பதானால் மட்டும் பேச உட்காருங்கள்.