"ஒயின்தானே டாக்டர்!"

டிசம்பர் மாதம் வந்தாலே எனக்குக் கொஞ்சம் பதற்றம் தொற்றிக்கொள்ளும். நாகர்கோவில் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் கேக்கோடு வீட்டு ஒயினும் உண்டு. அதற்கு அடுத்த நாட்களில் வரும் கேஸ்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர். இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து சாப்பிடாமலேயே மூன்று நான்கு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். "அப்பா நல்லா உறங்குறாருன்னு நினைச்சோம் சார். லேசா ஒயின்தான் குடிச்சாரு" என்றான் மகன். சட்டையெல்லாம் வேர்வை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 34-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஊசி ஏற ஏறக் கண் விழித்தார். இன்னும் இரண்டு மணி நேரம் 'உறங்க' விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கண் விழித்த அரை மணி நேரத்தில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா சார், விருந்தாளிங்க காத்திருக்காங்க" என்று கேட்டார்கள். முடியாது. இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கும். குறைந்தது ஒரு நாளாவது படுக்கையில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

சரி, அந்த 'லேசா ஒயின்தான்' கதைக்கு வருகிறேன். படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். ஒயின் பழச்சாறு மாதிரி, பிராந்திதான் சாராயம் என்று ஒரு நம்பிக்கை. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். கடையில் வாங்கும் ஒயின் பாட்டில் 750 மில்லி. அதில் ஆல்கஹால் 12.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாட்டிலில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 94 மில்லி. நம் ஊர் பிராந்தி குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் 77 மில்லிதான். அதாவது ஒரு பாட்டில் ஒயின் ஒரு குவார்ட்டரைவிட அதிகம். 150 மில்லி கிளாஸில் இரண்டு கிளாஸ் ஒயின் குடித்தால் ஏறக்குறைய ஒரு கட்டிங் (அரை குவார்ட்டர்) அடித்த கணக்கு. இனிப்பாக இருப்பதால் தொண்டையில் எரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். கல்லீரலுக்கு இனிப்பும் தெரியாது, பாட்டிலின் அழகும் தெரியாது.

வீட்டில் போடும் ஒயினில் இந்தக் கணக்கும் இல்லை. பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை என்று பரணி ஜாடியில் போட்டு வைக்கிறோம். எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது. ஜாடியை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே சேரும் வாயு வெடிக்க வைத்துவிடும்.

'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்பதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுக்காரர்களின் இதயத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வந்ததில் பரவிய பேச்சு அது. குடிக்காதவர்கள் என்று அந்தக் காலத்து ஆய்வுகள் பலவற்றில் சேர்த்தவர்களில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்? 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது: பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் என்பது 1988-லேயே அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் பட்டியலில் ஏறிவிட்டது, மார்பகப் புற்றுநோய் பின்னால் 2007-ல் அதில் சேர்ந்தது. 'முகம் பளபளக்கும்', 'பிள்ளை சிவப்பாகப் பிறக்கும்' என்று கர்ப்பிணிக்கு ஒயின் ஊற்றிக் கொடுக்கும் பெரியம்மாக்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஒரு சொட்டுகூட வேண்டாம்.

இதற்கு மேலும் விருந்தில் ஒயின் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு: வாங்கும்போது லேபிளில் விலைக்கு முன்னால் சதவீதத்தைப் பாருங்கள். மொஸ்காட்டோ வகையில் 5 முதல் 7 சதவீதத்திலேயே கிடைக்கும். போர்ச்சுகல் போர்ட் ஒயின் 22 சதவீதம் வரை போகும், அதைப் பெரிய கிளாஸில் ஊற்றாதீர்கள். முதலில் சாப்பாடு, அப்புறம் கிளாஸ். பக்கத்திலேயே தண்ணீர். வண்டி ஓட்டுகிறவருக்கு ஊற்றாதீர்கள், வற்புறுத்தவே வற்புறுத்தாதீர்கள். குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவி வையுங்கள், மிச்சத்தை எடுத்துக் குடிப்பது குழந்தைகள்தான். குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்குவது நம்மைவிட வேகம். 'ஒரு ஸ்பூன்தானே' என்று தாத்தாக்கள் கொடுப்பதும் நிற்க வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒயினைத் தொடாதீர்கள். குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரம்மில் ஊறிய பிளம் கேக்கும் ஆகாது. கறியில் ஊற்றிய ஒயின் கொதித்தால் ஆவியாகிவிடும் என்பார்கள். அரை மணி நேரம் கொதித்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு அப்படியே நிற்கும்.

குடித்துவிட்டுப் படுத்தவரை 'போதை, தெளியட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். போதையும் சர்க்கரை இறங்குவதும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்: உளறல், தள்ளாட்டம், தூக்கம். சர்க்கரை நோயாளி என்றால் தட்டி எழுப்புங்கள். வீட்டில் மீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள். எழுந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். எழவில்லையா, வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வரும்போது மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள். குடித்ததை எங்களிடம் மறைக்காதீர்கள். நாங்கள் யாரையும் திட்டமாட்டோம், அந்த நேரத்தில் எங்களுக்கு வேண்டியது உண்மை மட்டும்தான்.