கருக்கலில் கறுக்கும் செம்பருத்தி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஐந்தாம் படிவ மாணவி கேட்டாள்: "சார், கிரெபஸ்குலர்னா என்ன? முயலைப் பத்தின நிகழ்ச்சியில வந்துச்சு."

அந்தியிலும் விடியற்கருக்கலிலும் நடமாடுகிற என்று பொருள். முயல் அப்படித்தான். 'க்ரெபுஸ்குலும்' என்றால் லத்தீனில் அந்தி. அதன் வேரான 'க்ரெபெர்' பண்டைய இத்தாலியின் சபைன் மக்களிடமிருந்து வந்தது, சந்தேகத்துக்குரியதைக் குறிக்கும் என்கிறார் ரோமானிய அறிஞர் வாரோ. பகலா இரவா என்று சொல்லமுடியாத பொழுது. நாமும் 'அந்தி மயங்கும் நேரம்' என்கிறோமே! பொழுதும் மயங்குகிறது, பார்ப்பவரும் மயங்குகிறார்.

மயக்கம் விழித்திரையில்தான். பகலில் நிறம் காட்டுபவை கூம்பு செல்கள். மங்கலில் கைகொடுப்பவை கோல் செல்கள். பள்ளியில் படித்ததுதான். ஆனால் கோல்கள் முழுதாகத் தயாராக அரைமணி நேரமாவது வேண்டும். நம் ஊர்ப்பக்கம் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் அதற்குள் அந்தியே முடிந்துவிடுகிறது.

பகல் பார்வைக்கு 555 நானோமீட்டர் அலைநீள ஒளி, அதாவது மஞ்சள்பச்சை, பளிச்சென்று தெரியும். கோல்களுக்கோ சுமார் 500, நீலப்பச்சை. சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட எட்டாது. அதனால் இருட்ட இருட்ட வேலியோரச் செம்பருத்திப் பூ கறுத்துப்போகும், இலை மட்டும் வெளிறித் தெரியும். செக் நாட்டு உடலியலாளர் புர்க்கின்யே 1825இல் இதைப் பதிவு செய்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். நேராகப் பார்க்கும் பொருளின் பிம்பம் விழுகிற நடுக்குழியில் கோல் செல்லே கிடையாது! மங்கலான நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் காணாமல் போகும், பார்வையைச் சற்றே விலக்கினால் திரும்ப வரும்.

இப்போது பால்வெட்டுக்காரர்களின் பேய்க்கதைகளை நினைத்துப் பாருங்கள். பெரட்டு (விடியுமுன் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து இருட்டோடு ரப்பர் காட்டுக்குள் போகும்போது ஓரத்தில் வெள்ளையாக யாரோ நிற்பார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. பொய்யில்லை, கண்டது கண்டதுதான். பட்டையில் வழிந்து காய்ந்த ஒட்டுப்பாலோ, கவிழ்த்து வைத்த பால் பிடிக்கும் மங்கோ, ஓரக்கண்ணின் கோல்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்பியதும் அது நடுக்குழியில் விழுந்து மறைந்திருக்கும். இதற்குப் போய் எத்தனை பேர் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள்! அந்தக் காசுக்கு நல்ல டார்ச்லைட்டே வாங்கியிருக்கலாம்.

மாணவி இதையெல்லாம் அப்படியே போய், முப்பது வருடம் பால் வெட்டிய தன் பாட்டியிடம் ஒப்பித்திருக்கிறாள். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "சரிடி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சே, அது எந்தச் செல்லு?"