அழுத்தம் முன்னால், ஆபரேஷன் பின்னால்: கழுத்துத் தண்டுவட அறுவை சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

"கழுத்து டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை முன்பக்கமாக அழுத்துகிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. டாக்டர் பிடரி வழியாகத் திறந்து ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். முன்னால் இருக்கும் அழுத்தத்தைப் பின்னால் திறந்து எப்படி எடுப்பார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏன் சரி என்பதை விளக்கக் கொஞ்சம் இயற்பியல் தேவை.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள், அவற்றின் நடுவே ஒரு குழாய், அதற்குள் தண்டுவடம். இது பள்ளிப் பாடம். குழாயின் முன்-பின் அகலம் சாதாரணமாகச் சுமார் 17 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் தண்டுவடம் சுமார் 8 மில்லிமீட்டர். மிச்ச இடத்தில் உறைகளும் திரவமும் இருக்கின்றன. வயதாக ஆக டிஸ்க் வற்றிப் பிதுங்கும், எலும்பு விளிம்புகள் முளைவிடும், பின்சுவரில் உள்ள தசைநார் தடிக்கும். சிலருக்கு முன்சுவரை ஒட்டிய தசைநாரே எலும்பாக மாறிவிடும். அகலம் 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறுகிய குழாய் என்கிறார்கள். பிறவியிலேயே குறுகலாக இருப்பவர்களுக்குச் சின்னத் தேய்மானமே போதும்.

அழுத்தப்படுவது கைக்குப் போகும் நரம்பு வேரா, தண்டுவடமேயா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேர் என்றால் தோளிலிருந்து விரல்வரை சுளீரென்று வலிக்கும், மரத்துப்போகும். இது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் கத்தி படாமலேயே தணிந்துவிடுகிறது. தண்டுவடம் அழுத்தப்படுவது வேறு கதை. அங்கே வலியே இல்லாமல் போகலாம்! சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறும், கையெழுத்து மாறும், இருட்டில் நடக்கும்போது கால் தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாது. தலையைக் குனிந்தால் முதுகு வழியாக ஷாக் அடித்த மாதிரி ஓர் உணர்வு ஓடும். வயதானால் இப்படித்தான் என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் மருத்துவரும் சொல்வார். முதல் அறிகுறிக்கும் சரியான நோய்ப் பெயருக்கும் இடையே சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிடுவதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தத் தாமதத்தில் நரம்பிழைகளின் மேலுறை சிதைகிறது, நசுங்கிய சிறு ரத்தக்குழாய்களால் செல்கள் மடிகின்றன. மடிந்த நரம்புச் செல் திரும்ப முளைப்பதில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொல்லி 10 நொடியில் எத்தனை முறை என்று எண்ணும் சோதனை ஒன்று உண்டு. ஆரோக்கியமானவர் 20 முறைக்கு மேல் செய்துவிடுவார். தண்டுவடம் நசுங்கியவருக்கு விரல்கள் அவ்வளவு வேகமாக ஒத்துழைக்காது. இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, ஆனால் சந்தேகப்பட இது போதும். வயது வந்தவர்களின் தண்டுவடச் செயலிழப்புக்கு முதல் காரணமே இந்தத் தேய்மான அழுத்தம்தான். அப்படியிருந்தும் ஆராய்ச்சிப் பணம் ஆபரேஷன் ரோபோவுக்கும் எலும்பில் பூட்டும் புதுத் திருகாணிக்கும் கிடைக்கிற வேகத்தில், காசே செலவாகாத இந்த மாதிரிச் சோதனைகளைப் பரப்பக் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், கழுத்தை 'மடக்'கென்று சொடுக்கி எடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பிப் போகிறவர்கள். ஏற்கெனவே நசுங்கியிருக்கும் தண்டுவடத்தின் மேல் அந்தச் சொடுக்கு என்ன செய்யும் என்று யோசித்தாலே எனக்குக் குலை நடுங்குகிறது.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். முன்வழி எளிதாகப் புரியும். தொண்டையின் ஒரு பக்கம் தோலை வெட்டி, மூச்சுக்குழலையும் உணவுக்குழாயையும் ஒரு புறமும், பெரிய ரத்தக்குழாய்களை மறு புறமும் ஒதுக்கி, இயற்கையாகவே இருக்கும் இடைவெளி வழியாக எலும்பை அடைகிறார்கள். டிஸ்க்கையும் முளைகளையும் எடுத்துவிட்டு, காலி இடத்தில் எலும்புத் துண்டோ செயற்கைக் கூடோ வைத்து இரண்டு எலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்கிறார்கள். 1950-களிலிருந்து நடந்துவரும் முறை இது. ஒட்டிவிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாதோ என்ற பயம் வேண்டாம். தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே நடக்கிறது. கீழே ஒரு மூட்டு ஒட்டியதைப் பலர் உணர்வதே இல்லை. புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு சரியாக ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதைத்தான் கவலைப்பட வேண்டிய விஷயமாகச் சொல்வேன்.

ஒன்றிரண்டு டிஸ்க் என்றால் பெரும்பாலும் முன்வழிதான். மூன்று நான்கு இடங்களில் அழுத்தம் இருந்தால்தான் பின்வழி முன்னுக்கு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பின்வழியில் முன்னால் இருக்கும் பிதுக்கத்தை யாரும் தொடுவதே இல்லை. குழாயின் பின்சுவரை மட்டும் அகற்றுகிறார்கள். அல்லது, 1970-களில் ஜப்பானில் உருவான லேமினோபிளாஸ்டி முறையில், அந்தச் சுவரை ஒரு பக்கம் முழுதாக வெட்டி, மறு பக்கம் பாதி ஆழத்துக்கு மட்டும் அரைத்துக் கீல் போலாக்கி, அப்படியே திறந்து வைத்துவிடுகிறார்கள். பிதுக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகர்வது தண்டுவடம்!

ஏன் நகர்கிறது? பக்கவாட்டில் பார்த்தால் ஆரோக்கியமான கழுத்து நேராக இருக்காது. முன்பக்கம் லேசாகப் புடைத்து, பின்பக்கம் குழிந்த வளைவாக இருக்கும். வளைந்த குழாய்க்குள் லேசான இழுவிசையில் ஓடும் ஒரு பொருள் மிகக் குறுகிய பாதையைத்தான் நாடும். வில்லில் நாண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கழுத்தின் வளைவில் அந்தக் குறுகிய பாதை பின்பக்கம் இருக்கிறது. இத்தனை நாள் அங்கே போகவிடாமல் தடுத்தது பின்சுவர். அது விலகியதும் தண்டுவடம் தானாகவே சில மில்லிமீட்டர் பின்னால் போய் முன்பிதுக்கத்திலிருந்து விலகிக்கொள்கிறது. சில மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மொத்தமே 8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள உறுப்புக்கு அது பெரிய விடுதலை.

இதே கணக்கு எப்போது பொய்க்கும் என்பதும் இதிலேயே இருக்கிறது. தேய்மானத்தால் கழுத்து முன்பக்கம் கூன் விழுந்திருந்தால் வளைவு தலைகீழாகிவிடும். அப்போது குறுகிய பாதை முன்பக்கம், அதாவது பிதுக்கம் இருக்கும் பக்கம். பின்சுவரை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் தண்டுவடம் பிதுக்கத்தின் மேலேயே சாய்ந்திருக்கும். அதனால்தான் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும், நிற்கவைத்துப் பக்கவாட்டில் ஒரு சாதாரண எக்ஸ்ரே கேட்கிறார்கள். இரண்டாவது கழுத்தெலும்பின் மட்டத்தில் குழாயின் நடுப்புள்ளியையும் ஏழாவதின் மட்டத்தில் உள்ள நடுப்புள்ளியையும் கோடு போட்டு இணைத்து, பிதுக்கம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தாண்டினால் பின்வழி மட்டும் போதாது. உங்கள் மருத்துவரிடம் "என் கழுத்தின் வளைவு எப்படி இருக்கிறது?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இந்த நகர்வுக்கு ஒரு விலையும் உண்டு. தண்டுவடம் பின்னால் போகும்போது அதிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களும் இழுபடும். வளைவின் உச்சியில் இருக்கும், தோளைத் தூக்கும் தசைக்குப் போகும் ஐந்தாவது வேர் அதிகம் இழுபடுவதாக ஒரு விளக்கம் இருக்கிறது. சுமார் 5 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் தோளைத் தூக்க முடியாமல் போகிறது. முன்வழியிலும் இது வருவதுண்டு. மாதங்கள் பிடித்தாலும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு வழிகளில் எது உசத்தி? இரண்டுக்குமே தகுதியான 163 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. ஓர் ஆண்டு கழித்து உடல் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முன்வழியில் விழுங்குவதில் சிரமம் அதிகம்.

ஆபரேஷனின் நோக்கம் முதலில் மேலும் கெடாமல் நிறுத்துவது. பலருக்குக் கையும் நடையும் தேறுகின்றன, பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில். ஆனால் நீண்ட நாள் நசுங்கியிருந்த தண்டுவடம் முழுதாகத் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மிதமான, கடுமையான பாதிப்புக்கு ஆபரேஷனைப் பரிந்துரைக்கின்றன 2017-ன் சர்வதேச வழிகாட்டு நெறிகள். லேசான பாதிப்பென்றால் ஆபரேஷனோ, கண்காணிப்போடு கூடிய பயிற்சியோ, இரண்டுக்கும் இடம் தருகின்றன. அறிகுறி ஒன்றும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் குறுகல் தெரிந்தால் உடனே மேசையில் ஏற வேண்டாம். வயதானவர்கள் பலருக்கு அப்படி இருக்கும்.

முன்வழி ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் விழுங்கச் சிரமமும் குரல் கரகரப்பும் வந்து போகலாம். கழுத்து சட்டென்று வீங்கி மூச்சு முட்டினால் மட்டும் அது வேறு விஷயம். உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழலை அழுத்தலாம். கை கால் புதிதாக வலுவிழந்தாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.