கழுவிய பிறகும் சொரசொரக்கும் கார் பெயின்ட்

காரை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்தாயிற்று, பளபளவென்று இருக்கிறது. இப்போது கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டை லேசாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாக இருந்த இடம் கவர் வழியாக நறநறக்கும். வெறும் விரலின் தோல் பெயின்ட்டைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பில் சின்னச் சின்ன மேடுகள் தரும் உணர்வு அமுங்கிப்போகிறது. நடுவில் கவர் இருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், மேடு மட்டும் தனியாகத் தட்டுப்படும்.

அந்த மேடுகள் எல்லாம் ஒரே சரக்கு அல்ல. சாலையிலிருந்து தெறித்த தார், மரத்திலிருந்து சொட்டிய பிசின், உப்புத் தண்ணீர் காய்ந்த கறை, பக்கத்தில் யாரோ பெயின்ட் அடித்தபோது பறந்து வந்த துளிகள் என்று பல வகை. எல்லாவற்றிலும் விஷமமானது இரும்புத் தூள். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் பேடும் தேய்ந்து, சூடான இரும்புத் துகள்கள் சிதறுகின்றன. அவை பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட்டில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கின்றன. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் துகள் உப்பி, தன்னைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை நெம்புகிறது. வெள்ளைக் காரில் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் அது இதுதான்.

கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரைதான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அதில்தான் கை வைக்கிறோம். ஆகவே கரைத்து எடுக்க முடிந்ததைத் தேய்த்து எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

இரும்புக்கு அயர்ன் ரிமூவர். பெரும்பாலானவற்றில் இருப்பது தையோகிளைகோலேட் என்ற கந்தகச் சேர்மம். முடி நீக்கும் கிரீமிலும் இதன் உறவுக்கார உப்பு உண்டு. நாற்றத்துக்கும் கந்தகம்தான் காரணம், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். இரும்போடு சேர்ந்ததும் அது ஊதா நிறச் சேர்மமாகி நீரில் கரைகிறது. தெளித்த சில நிமிடங்களில் கதவின் கீழ்ப்பாகத்தில், சக்கரத்துக்குப் பின்னால், ஊதாக் கோடுகள் வழிந்து இறங்கும். எந்த இடத்தில் அதிகம் வழிகிறதோ அங்கேதான் இரும்பு அதிகம். நிழலில், பெயின்ட் குளிர்ந்திருக்கும்போது தெளித்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். தாருக்கு இது பயன்படாது. தார் எண்ணெய் இனம், பெட்ரோலியக் கரைப்பான் உள்ள தார் ரிமூவரில்தான் இளகும். காய்ந்த பிசினை ஐசோபுரொபைல் ஆல்கஹால் இளக்கும். உப்புக்கறைக்கு நீர்த்த வினிகர் மாதிரி மென்மையான அமிலம்.

இவ்வளவுக்குப் பிறகும் கவருக்குள் இருக்கும் விரலில் ஏதாவது தட்டுப்பட்டால், அப்போதுதான் கிளே.

கிளே என்றால் களிமண் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிளாஸ்டிக் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்களைக் கலந்து பிசைந்த பொருள் அது. ததாவோ கொடாதே என்ற ஜப்பானியர் 1995இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வழுக்கும் திரவத்தைத் தெளித்து அதை ஓட்டும்போது, மெல்லிய திரவப் படலத்தின் மேல் கிளே மிதந்து போகிறது. பெயின்ட் மட்டத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருப்பது மட்டும் கிளேயில் மாட்டி, வெட்டுப்பட்டு அல்லது பிடுங்கப்பட்டு வருகிறது. ஆனால் உள்ளே புதைந்த இரும்பின் தலை மட்டும் வெட்டுப்பட்டால் வேர் அங்கேயே நின்றுவிடும், மறுபடி துருப்பிடிக்கும். அயர்ன் ரிமூவரை முதலில் போடச் சொல்வது இதனால்தான்.

சரி, எந்தக் கிளே? பழைய மாதிரி கட்டி ஒன்று. செயற்கை ரப்பர் பூசிய துணி, கையுறை, ஸ்பாஞ்ச் வகைகள் இன்னொன்று. கட்டியை உள்ளங்கையில் மடித்துப் பிசைந்தால் அழுக்கு உள்ளே போய்ப் புதுப் பக்கம் வெளியே வரும். கண்ணாடி ஓரம், கைப்பிடிக் குழி போன்ற வளைவுகளில் அது வடிவத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். ஒரே ஒரு தொல்லை: தரையில் விழுந்தால் குப்பைக்குத்தான். ஒட்டிய மணலை முழுவதும் எடுக்க முடியாது, அதோடு தேய்த்தால் பெயின்ட்டில் கோடுகள்தான் விழும். ரப்பர் கையுறை விழுந்தால் கழுவிக்கொள்ளலாம், பானெட், கூரை போன்ற அகலமான இடங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம், பல கார்களுக்கும் வரும். ஆனால் பிடித்த அழுக்கு உள்ளே போகாமல் ரப்பரின் முகத்திலேயே நிற்கும், அடிக்கடி அலச வேண்டும். புதுக் கையுறையை முதலில் ஈரமான ஜன்னல் கண்ணாடியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பழக்குவது நல்லது.

கட்டியோ கையுறையோ, மென்மையான ரகத்தில் தொடங்குங்கள். முரட்டு ரகம் வேகமாக எடுக்கும், கூடவே மங்கலான மெல்லிய கீறல்களையும் விட்டுப்போகும். கறுப்புக் காரில் அவை பளிச்சென்று தெரியும், பாலிஷ் போடாமல் போகாது. எப்படியும் பாலிஷ் போடத்தான் போகிறேன் என்பவருக்கு நடுத்தர ரகமும் ஓகே. அழுத்தம் வேண்டாம், நேர்கோட்டில் ஓட்டினால் போதும். முதலில் கை தடைபட்டு உரசல் சத்தம் கேட்கும். அழுக்கு போகப் போக சத்தம் அடங்கி, கை தானாக வழுக்கும். அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். குளிரில் கட்டி இறுகிவிட்டால் வெந்நீரில் போட்டு எடுத்தால் இளகிவிடும்.

பளபளப்பில்லாத மேட் (matte) பெயின்ட்டில் மட்டும் கிளேயைத் தொட வேண்டாம். தேய்த்த இடம் பளபளப்பாகித் திட்டுத்திட்டாகத் தெரியும், அதைப் பழையபடி மங்கலாக்க வழியில்லை. மற்ற பெயின்ட்டில், கிளே அழுக்கோடு சேர்த்துப் பழைய வாக்ஸையும் எடுத்துவிடும் என்பதால், புது வாக்ஸ் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.