குளம் வற்றும்போதுதான் தூர்வார முடியும்

1964 டிசம்பரில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு ஈஸ்டர் தீவுக்குப் போனது. திரும்பும்போது அந்தத் தீவின் மண்ணையும் கொண்டுவந்தது. மான்ட்ரியலில் ஒரு மருந்து நிறுவன ஆய்வகத்தில் விஞ்ஞானி சுரேந்திர நாத் சேகலின் குழு, அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பூஞ்சையைக் கொல்லும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தது. தீவின் சொந்தப் பெயர் ராபா நூயி. அதனால் மருந்து ராபமைசின் ஆனது. பின்னாளில் அந்த ஆய்வகம் மூடப்பட்டபோது, சேகல் கொஞ்சம் மருந்தைத் தன் வீட்டு ஃப்ரீசரில் பத்திரப்படுத்திவைத்தார். அந்த அக்கறை இல்லையென்றால் மீதிக் கதையே நடந்திருக்காது.

சரி, அது உடலில் எதைத் தொடுகிறது? 1991-இல் ஈஸ்ட் செல்களில் விடை கிடைத்தது: டார் என்ற புரதம். நம் உடலில் இருப்பதற்கு எம்டார் என்று பெயர்.

சாப்பிட்ட பருப்போ முட்டையோ செரித்து, லியூசின் போன்ற அமினோ அமிலங்களாகச் செல்லுக்குள் வருகிறது. இன்சுலினும் ஏறியிருக்கிறது. உடனே எம்டார், லைசோசோம் என்ற சின்னப் பையின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, 'சரக்கு வந்துவிட்டது, கட்டு' என்று உத்தரவிடுகிறது. செல் புதுப் புரதங்களைக் கட்டுகிறது, வளர்கிறது. பழுதான புரதங்களைத் தின்று செரிக்கும் தன்னுண்ணல் வேலை அப்போது அடங்கிவிடும்.

குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தால் ஊரே நாற்று நடப் போய்விடும். கோடையில் வற்றினால்தான் தூர்வாருவார்கள். செல்லிலும் அதே கதைதான். வயதாக ஆக வண்டல் சேர்கிறது. குளமோ எப்போதும் நிரம்பியே கிடக்கிறது.

ராபமைசின் எம்டாரை அடக்கி, தண்ணீர் இருக்கும்போதே வற்றிவிட்டதாகச் செல்லை நம்பவைக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வகங்கள் 600 நாள் வயதான எலிகளுக்கு அதைத் தீனியில் கலந்து கொடுத்தன. மனிதக் கணக்கில் அது ஏறக்குறைய 60 வயது. நூற்றுக்குத் தொண்ணூறு எலிகள் இறந்துபோகும் வயதை அளந்து பார்த்தார்கள். பெண் எலிகளில் அது 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் தள்ளிப்போயிருந்தது. கிழப் பருவத்தில் ஆரம்பித்தும் பலன் கிடைத்ததுதான் என்னை அசரவைக்கிறது.

ஆனால் மனிதரின் ஆயுளை இது நீட்டும் என்பதற்கு இன்னும் சான்று இல்லை. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு இதைக் கொடுப்பதே நோயெதிர்ப்பைத் தணிக்கத்தான். நன்றாக இருப்பவர்கள் இதைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. குளம் வற்றட்டும் என்று வீட்டுப் பெரியவர்களைப் பட்டினி போடவும் வேண்டாம். எழுபது வயதில் கரையும் தசையைத் திரும்பக் கட்ட, அதே எம்டார்தான் வேலை செய்தாக வேண்டும்.