ஒரு விரிசல் இன்னொரு விரிசலைத் தாண்டுவதில்லை

மண்டையோட்டில் இரண்டு துளைகள். தோட்டா நுழைந்தது எதன் வழியே, வெளியேறியது எதன் வழியே? சிறியது நுழைந்த இடம், பெரியது வெளியேறிய இடம் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஒருவர் எதிரில் நின்று சுடப்பட்டாரா, பின்னாலிருந்து சுடப்பட்டாரா என்பதை அளவை மட்டும் நம்பித் தீர்மானிக்கக் கூடாது.

மண்டையோட்டின் கூரை மூன்று அடுக்கு கொண்டது. வெளியே ஒரு கெட்டித் தகடு, உள்ளே ஒரு கெட்டித் தகடு, நடுவில் பஞ்சு போன்ற எலும்பு. தோட்டா வெளித்தகட்டில் வட்டமாகத் துளையிடுகிறது. உள்தகட்டுக்குப் பின்னால் கெட்டியான தாங்கல் இல்லாததால் அது அகலமாகப் பெயர்கிறது. துளை உள்நோக்கி விரிந்த புனலாகிவிடுகிறது. வெளியேறும் இடத்தில் புனல் வெளிநோக்கி விரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் சிறு கல் பட்டால் மறுபக்கம்தான் அகலமாகச் சில்லு பெயரும். அதே இயற்பியல்தான் இது. மெல்லிய எலும்புகளில் இந்தச் சரிவு தெரியாமலே போகலாம். தோட்டா உரசியபடி சாய்வாகச் சென்றால் ஒரே துளையில் இரண்டு சரிவுகளும் சேர்ந்து, சாவித்துவாரம் போன்ற வடிவம் உண்டாகும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது விரிசல்கள்தான். துளையிலிருந்து அவை கதிர்களாக ஓடுகின்றன. பிறகு தோட்டா உள்ளே உண்டாக்கும் அழுத்தம் எலும்புத் துண்டுகளை வெளியே தள்ள, கதிர்களுக்குக் குறுக்கே வளைவான விரிசல்கள் தோன்றுகின்றன. ஓடிவரும் விரிசல் ஏற்கெனவே உள்ள பிளவைச் சந்தித்தால் அங்கேயே நின்றுவிடும். அதன் ஆற்றல் அந்த இடைவெளியைத் தாண்டிச் செல்வதில்லை. ஜெர்மானிய மருத்துவர் கியோர்க் புப்பெ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கிய விதி இது. இரண்டு குண்டுகள் பாய்ந்திருந்தால் எது முதலில் பாய்ந்தது என்பதை இதைக் கொண்டு சொல்லலாம். விரிசல் தோட்டாவை முந்திக்கொண்டு மறுபுறம் போய்ச் சேர்வதும் உண்டு. அப்போது வெளியேறும் துளையின் விரிசல்கள், முன்பே வந்து காத்திருக்கும் நுழைதுளையின் விரிசலில் முட்டி நிற்கும்.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனார்கள். பலர் மோதலில் இறந்ததாக ராணுவம் சொன்னது. அது உண்மையா என்பதை எலும்புகளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆட்சி முடிந்ததும் புதைகுழிகள் சில புல்டோசரால் தோண்டப்பட்டன. நொறுங்கிய எலும்புகள் கலந்து கிடந்தன. 1984இல் அங்கே சென்ற அமெரிக்க மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ, இளம் மாணவர்களுக்குத் தூரிகையும் சிறு கரண்டியும் கொண்டு தோண்டக் கற்றுக்கொடுத்தார். இறக்கும் நேரத்தில் உடைந்த எலும்பின் விளிம்பு, மண்ணில் கிடந்து மற்றப் பரப்பின் நிறத்தையே அடைந்திருக்கும். இயந்திரம் பட்டுப் புதிதாக உடைந்த விளிம்போ வெளுத்திருக்கும். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் குண்டுக்காயத்தையும் புல்டோசரின் பல்தடத்தையும் குழப்பிக்கொள்வோம்.

1985இல் ராணுவத் தலைவர்கள் மீது நடந்த விசாரணையில் ஸ்னோ சாட்சி சொன்னார். காணாமல் போன ஓர் இளம்பெண்ணின் எலும்புப் படங்களை நீதிபதிகள் முன் திரையில் காட்டி விளக்கினார். கொல்லப்படுமுன் அவள் ஒரு குழந்தையைப் பெற்றிருந்தாள் என்பதையும் அவள் எலும்புகள் சொல்லின.